உன் வளவில் நடந்த புதையல் தேடல்

பக்கத்து வீட்டுக் கொடியில் நேற்றிலிருந்து ஒரு மஞ்சள் ரீசேர்ட் காய்ந்துகொண்டிருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு. பாடசாலையிலிருந்து முகாமுக்குக் கூட்டிப் போய் இரண்டு நாள் வைத்திருந்து, திரும்பும்போது கொடுத்துவிட்டார்களாம். முதுகுப் பக்கத்தில் ஒரு அலை, ஒரு தென்னை, அதன் கீழே பெரிய எழுத்தில் ‘மனிதர் கால் படாத கரை’. முற்றம் கூட்டப் போனவள் விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டேன். வாசித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. உடனே உனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நீ கண்ணை மூடி இரண்டாவது மாரியும் வந்துவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நீ இருந்தால் முதலில் சிரித்திருப்பாய். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்று, மூக்கு நுனி சிவந்து, “ஆருகா இத எழுதினவன்? அவன ஒருக்காக் கூட்டிக்கொண்டு வா, நான் கதைக்கணும்” என்றிருப்பாய்.

நம் கரையைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். விடியற்காலையில் கரைவலை இழுக்கிற ஆண்கள் வரிசையாக நின்று குதிகாலை மணலில் ஊன்றுவார்களே, அந்தக் கரை. பாடசாலை விட்டதும் நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போன கரை. உன் மகள் நடை பழகிய கரை. அதில் கால் படவில்லையாம்.

ஆசிரியர் கலாசாலையில் நாம் இருவரும் ஒரே அறை. முதல் நியமனமும் ஒரே பாடசாலைக்குக் கிடைத்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிற அந்த நிலத்துண்டில், நான் பிரதான வீதியோரம் வாடகைக்கு இருந்தேன். நீ கடலோரத்தில் கலியாணம் முடித்து அங்கேயே இருந்துவிட்டாய். உன் கணவர் கடலிலும் வாவியிலும் தொழில் செய்பவர். சனிக்கிழமைகளில் நான் உன் வீட்டுக்கு வருவேன். கிணற்றடியில் இருந்து மீன் கழுவிக்கொண்டே நீ பேசுவாய். கிணற்றுக்கட்டின் ஒரு மூலை உடைந்திருக்கும். உன் கணவர் தோணிக்கட்டையை இறக்கி வைக்கும்போது கை வழுக்கிப் போட்டு உடைத்தது. “இந்தா பூசுறன், நாளைக்குப் பூசுறன் எண்டு மூணு வருசமாச் சொல்லுறார்” என்று அவர் காதில் விழும்படியாக என்னிடம் சொல்வாய். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே சிரிப்பார். அப்போது அவர் நன்றாகச் சிரிக்கிற மனிதர்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த அந்தக் காலையில் நீ பிரதான வீதிக் கடைக்குப் போயிருந்தாய். அவர் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அவர் தென்னைகளுக்குள் சிக்கிக் கிடந்து பிழைத்தார். மகளைக் கண்டெடுக்கக்கூட இல்லை. அவளுக்கு நாலு வயது. இதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுத மாட்டேன். நீயும் எழுத விடமாட்டாய்.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு மனிதர் செய்ததைப் பற்றி. கடலின் மேல் எனக்குக் கோபமில்லை. அது யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை.

தண்ணீர் வற்றி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அரசாங்க ஆட்கள் நாடாவோடு வந்து அளந்தார்கள். கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் ஒருவரும் வீடு கட்டக்கூடாது என்றார்கள். உன் காணி முழுவதும் அதற்குள் போயிற்று. நீ அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மிகவும் அன்பாகச் சொன்னார். “எல்லாம் உங்கட பாதுகாப்புக்குத்தான் டீச்சர்.” பாதுகாப்பான இடம் என்று கொடுத்த வீட்டுத்திட்டம் வாவிக்கரைத் தாழ்நிலத்தில் இருந்தது. முதல் மாரியிலேயே வாவி உன் குசினிக்குள் வந்தது. கட்டிலுக்கு மேல் கட்டிலை ஏற்றி, அதற்கு மேல் நீயும் அவரும் இருந்தீர்கள். நான் முழங்கால் தண்ணீரில் சோற்றுப் பார்சலோடு வந்தபோது நீ மேலே இருந்தபடி, “பாத்து வாகா, பாதுகாப்பான இடம்” என்றாய்.

அந்தச் சட்டம் பிறகு தளர்ந்துவிட்டது என்று பத்திரிகையில் வந்தது. நீ மறுபடி போனாய். உங்களுக்குத்தான் வீடு கொடுத்தாயிற்றே, அந்தக் காணியில் இனி உங்களுக்கு உரித்தில்லை என்றார்கள். இன்னொருவர், “சண்டை முடியட்டும், பாப்பம்” என்றார். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் அந்தப் பதில்தான். மேற்கே செல் குண்டு விழுகிற சத்தத்தில் வகுப்பறை யன்னல்கள் அதிர்ந்தன. வாவிக்கு அந்தப் பக்கத்துச் சனங்கள் பானை சட்டியோடு நம் பாடசாலைக்குள் வந்து படுத்தார்கள். சண்டையும் முடிந்தது. பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். நீ பொறுமையாக ஒரு கிழமை இருந்துவிட்டு மறுபடி காணி கேட்கப் போனாய். அதற்குள் உன் வளவைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி வந்திருந்தது. வாசலில் ஒரு காவலாளி. அவர் உன்னைக் கிட்டவே விடவில்லை.

மறு வருடம் அங்கே ஒரு முகாம் நிலையம் திறந்தது. பிள்ளைகளுக்கு மரம் ஏறவும் கயிற்றுப் பாலத்தில் நடக்கவும் படகு வலிக்கவும் கற்றுக்கொடுக்கிற இடமாம். கடலைப் பார்த்தபடி வரிசையாகக் கபானாக்கள் என்கிற தங்கும் குடில்கள். உன் வீடு இருந்த இடத்தைவிடவும் அவை கடலுக்குக் கிட்ட இருந்தன. வீடு கட்டினால் ஆபத்து, கபானா கட்டினால் ஆபத்தில்லை. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் வைத்து விளங்கப்படுத்துவது என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

பாடசாலை அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் மகிழ்ச்சியோடு அறிவித்தார். நமது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த நிலையம் இலவசமாக அழைக்கிறது, இரண்டு இரவு தங்கும் முகாம், இரண்டு ஆசிரியைகள் கூடப் போகவேண்டும். நீ உடனே “நான் போறன் சேர்” என்றாய். வெளியே வந்ததும் கேட்டேன்.

“ஏன்கா போறாய்? உனக்கு விசரா?”

“வேற எப்பிடி உள்ளுக்குப் போற? கேட்டா விடுறானா? டீச்சர் எண்டு போனாத்தான் விடுவான்.” பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், “அந்தப் புள்ளையள்ள முக்காவாசி அந்தக் கரையில பிறந்ததுகள். தனிய விடேலுமா?” என்றாய்.

கூடவே நானும் போனேன். உன் மகள் இருந்திருந்தால் அவளும் அந்த வகுப்பில்தான் இருந்திருப்பாள்.

பெற்றோரிடம் சம்மதம் கேட்கப் போன இடத்தில் அந்த வகுப்புத் தர்சிகாவின் அம்மா பயந்துபோனதை நினைத்து நாம் எத்தனை தடவை சிரித்திருக்கிறோம். “முகாமா? என்னத்துக்கு டீச்சர் மறுகாவும் முகாம்? திரும்பச் சண்டை வரப்போகுதா?” நம்முடைய சனங்களுக்கு முகாம் என்றால் கூடாரமும் நிவாரண அரிசியும்தான். பிள்ளைகள் விளையாடப் போகிற முகாமும் உலகத்தில் இருக்கிறது என்று நீ அவவுக்கு நிலத்தில் குந்தியிருந்து சொல்லிக்கொடுத்தாய்.

பஸ் வாசலில் நின்றதும் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு அட்டையை மாட்டினார்கள். பெயரும், அதன் கீழே ‘விருந்தினர்’ என்றும் எழுதியிருந்தது. உனக்கும் ஒன்று தந்தார்கள். நீ அதை வாங்கி, வாசித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாய். நிலையத்தை நடத்துகிற முகாமையாளர் தொப்பி போட்ட, சுத்தமான தமிழ் பேசுகிற மனிதர். “டீச்சர், அட்டை கழுத்தில இருக்கணும்” என்றார். “நான் விருந்துக்கு வரேல்ல சேர்” என்று சொல்லிவிட்டு நடந்தாய். அவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

பிள்ளைகளைக் கவனிக்க மலைநாட்டிலிருந்து வந்த ஒரு இளைஞன் இருந்தான். பயிற்றுநர். நல்ல பிள்ளை. கயிற்றுப் பாலத்தில் பயந்தவர்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து காட்டிச் சிரிக்க வைத்தான். அன்று பின்னேரம் பிள்ளைகள் உண்மையாகவே சந்தோசமாக இருந்தார்கள். அதை மறைத்து எழுதினால் அது நியாயமில்லை. கம்பியில் தொங்கி வந்து மணலில் விழுந்தார்கள், எழும்பி ஓடினார்கள், மறுபடி வரிசையில் நின்றார்கள். நீயும் கை தட்டினாய்.

பொழுது சாயும்போது கபானாக்களில் கட்டில் காட்டினார்கள். அலைச் சத்தத்தைக் கேட்டபடியே நித்திரை கொள்ளலாம் என்று முகாமையாளர் பெருமையாகச் சொன்னார். தர்சிகா கட்டிலில் ஏறவில்லை. வாசலில் நின்று உன்னைப் பார்த்துக் கேட்டாள்.

“டீச்சர், இஞ்ச ஒருத்தரும் இரிக்கக் கூடாதெண்டுதானே நம்மள எழுப்பினாங்க. இப்ப இரிக்கலாமா?”

நீ முகாமையாளரைத் திரும்பிப் பார்த்தாய். “சொல்லுங்க சேர். புள்ள கேக்குது.”

“ரெண்டு நாளைக்குத்தானே டீச்சர்” என்றார் அவர்.

அந்தப் பதிலை நான் இன்னும் வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருக்கிறேன். இரண்டு நாளைக்கு வந்தால் கடல் ஒன்றும் செய்யாதாம். ஆயுள் முழுக்க இருந்தவனுக்குத்தான் ஆபத்தாம்.

அடுத்த நாள் காலை புதையல் தேடல். பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, குறிப்புகள் எழுதிய துண்டுகளைக் கொடுத்தார்கள். கடைசிக் குறிப்பு ஒரு பழைய கிணற்றுக்குக் கொண்டுபோய் விட்டது. சவுக்கு மரங்களுக்கு நடுவே, மூங்கில் வேலி கட்டி, வாளியில் பொன்னிறத் தாள் சுற்றிய சொக்கிலேட் காசுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் வந்து சேர்ந்ததும் முகாமையாளர் கதை சொன்னார். இந்த இடம் முன்பு வெறும் காடு, பாம்பும் பன்றியும் தவிர ஒன்றும் இருக்கவில்லை, ஒரு காலத்தில் கப்பல் உடைந்து கரையேறிய மாலுமிகள் இந்தக் கிணற்றைத் தோண்டித் தங்கள் பொன்னைப் போட்டு வைத்தார்கள் என்று.

நான் கிணற்றைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தேன். நீ கிணற்றுக்கட்டின் உடைந்த மூலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். ஆனால் உடைவைப் பூசவில்லை.

“சேர்” என்றாய். “இத மாலுமி தோண்டினதெண்டு ஆரு சொன்ன?”

“இல்ல டீச்சர், இது பிள்ளைகளுக்காகச் சொல்ற ஒரு கதை. சும்மா ஒரு விளையாட்டு.”

“சரி. நீங்க விளையாட்டுக் கதை சொல்லிற்றீங்க. நான் மத்தக் கதையச் சொல்லுறன்.” பிள்ளைகள் பக்கம் திரும்பினாய். வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிற அதே குரல். “இது எங்கட கிணறு. என்ட மாமனார் வெட்டினவர். நான் இதில தண்ணியள்ளிக் குளிச்சிரிக்கன், சோறாக்கியிரிக்கன். இஞ்ச காடு இரிக்கேல்ல. இஞ்ச நாங்க இருந்த. நீங்களும் இருந்த.”

தர்சிகாதான் முதலில் கேட்டாள்.

“அப்ப எங்கட வீடு எங்க டீச்சர்?”

நீ கையை நீட்டிக் காட்டினாய். சாப்பாட்டு மண்டபம் இருப்பது கோயிலுக்குப் போகிற ஒழுங்கை. மரம் ஏறுகிற இடம் தபால்காரர் வளவு. படகுகளை அடுக்கி வைத்த கொட்டிலுக்குப் பின்னால் தர்சிகாவின் வீடு. சொல்லி முடிக்கு முன்பே பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். “எங்கட எங்க, எங்கட எங்க” என்று உன்னைச் சுற்றி ஒரே சத்தம். நீ ஒவ்வொரு பிள்ளையையும் தோளில் பிடித்துத் திருப்பித் திசை காட்டினாய். அவர்கள் மணலைக் காலால் தள்ளினார்கள், கையால் கிண்டினார்கள். ஒருவனுக்கு மதில் அத்திவாரம் தட்டுப்பட்டது. தர்சிகாவுக்குச் சிவப்புச் சீமெந்து நிலம் வந்தது. அவள் அதைக் கைகளால் கூட்டித் துடைத்து, அகலமாக்கி, நடுவில் சப்பாணி கொட்டி இருந்துகொண்டாள். அவளோடு இன்னும் மூன்று பேர் போய் இருந்தார்கள். “வாங்க, எங்கட வீட்டுக்கு வாங்க” என்று அவள் கூப்பிட்டாள். புதையலை ஒருவரும் எடுக்கவில்லை. சொக்கிலேட் வெயிலில் உருகி வாளிக்குள் கிடந்தது.

முகாமையாளர் அந்த இளைஞனைப் பார்த்து, பிள்ளைகளை உடனே வரிசைப்படுத்தச் சொன்னார். அவன் நகரவில்லை. தர்சிகாவுக்குப் பக்கத்தில் குந்தி, “இதுதான் உங்க வீடா? வாசல் எந்தப் பக்கம்?” என்று கேட்டான். அவளோடு சேர்ந்து மணலைத் தள்ளினான். அவனைப் பிறகு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

மத்தியானத்துக்கு முன்பே அதிபர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வந்தவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, முகாமையாளரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு உன்னிடம் வந்தார்.

“டீச்சர், நீங்க பிள்ளைகளைப் பயமுறுத்துறீங்களாம். அவங்கட மனநிலை பாதிக்கப்படுமாம்.”

“பயந்த புள்ள எது சேர்? காட்டுங்க.”

அவர் சுற்றிப் பார்த்தார். பிள்ளைகள் தங்கள் தங்கள் வீடுகளில் இருந்தார்கள். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பயந்த முகம் ஒன்றும் அங்கே இல்லை. ஆனாலும் அன்று பின்னேரமே பஸ் வந்தது. இரண்டாம் இரவு இல்லை. தர்சிகாவை அந்தச் சிவப்பு நிலத்திலிருந்து எழுப்ப நீ ஒருத்திதான் மறுத்தாய். “ஒருக்கா எழுப்பினது காணும்” என்றாய். கடைசியில் அவள் தானாக எழும்பி வந்தாள்.

பிறகு கல்வி அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கண்டதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னேன். எதிரே இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். “நீங்க எழுதேல்லயே” என்றேன். “தேவையானத எழுதுவம்” என்றார். உன்னிடம், பாடத்திட்டத்தில் இல்லாத விசயத்தை ஏன் பிள்ளைகளுக்குச் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். நீ அமைதியாகச் சொன்னாய்.

“சுற்றாடல் பாடத்தில ‘எனது கிராமம்’ எண்டு ஒண்டு இரிக்கு சேர். அதத்தான் படிப்பிச்ச.”

பதில் இல்லாதவர்கள் செய்வதைச் செய்தார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்துக்கும் அப்பால் ஒரு சின்னப் பாடசாலைக்கு உன்னை மாற்றினார்கள். பொய் சொன்னவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. காணியை எடுத்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. தன் கிணற்றைத் தன்னுடையது என்று சொன்னவளுக்குத் தண்டனை. நீ அங்கே போயும் சும்மா இருக்கவில்லை என்பது எனக்கொரு ஆறுதல். சண்டையில் இடிந்த வகுப்பறைக்குக் கூரை போடும்வரை ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாய்.

அந்த வருடக் கடைசியில், கடல் வந்த நாளில், பெற்றோர் எல்லோரும் பூவோடு அந்த வாசலுக்குப் போனார்கள். அதற்கு முந்திய வருடங்களில் பிரதான வீதிக் கோயிலில் விளக்கு வைத்துவிட்டு வந்தவர்கள். பிள்ளைகள்தான் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு மணித்தியால அனுமதி என்றார்கள். கழுத்தில் அட்டை மாட்டவேண்டும் என்றார்கள். செத்தவர்களுக்குப் பூப்போட விருந்தினர் அட்டை. நீ மாட்டவில்லை. உள்ளேயும் போகவில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்று, கிணறு இருக்கிற திசையைப் பார்த்து உன் பூவை எறிந்தாய். அது வேலியில் சிக்கிக் கிடந்தது. உன் கணவர் போய் அதை எடுத்து உள்ளே தள்ளிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் நீங்கள் இருவரும் அப்படியே வெளியில்தான் நின்றீர்கள்.

நோய் முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஒரு கேள்வி கேட்டேன். மனத்தை இலேசாக்கிக்கொள் என்று எல்லோரும் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

“இன்னும் கோவம் போகேல்லயா புள்ள?”

நீ கண்ணைத் திறந்து என்னை நன்றாகப் பார்த்தாய். “ஏன் போகணும்? அது என்ன வருத்தமா, மருந்து குடிச்சுச் சுகமாகிறதுக்கு?”

உன் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு, உன்னை இடம் மாற்ற உடந்தையாயிருந்த அந்த அதிபரும் வந்திருந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவரையே பேசவும் விட்டார்கள். “டீச்சர் ஒரு பொறுமைசாலி. வாழ்க்கையில எவ்வளவோ இழந்தும், எல்லாத்தையும் மறந்து, எல்லாரையும் மன்னிச்சு, ஆரோடயும் ஒரு கோபமில்லாம சாந்தியாப் போயிற்றா” என்றார். சனம் தலையாட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டால் நீ அந்தக் காணியை அவர்களுக்குத் தானமாகக் கொடுத்தாய் என்றே சொல்லியிருப்பார்.

நான் எழும்பினேன்.

“சேர், அது பொய். அவ ஒருத்தரையும் மன்னிக்கேல்ல. மன்னிப்புக் கேட்டு ஒருத்தரும் அவவிட்ட வரவும் இல்ல. நீங்களும் வரேல்ல.”

யாரோ என் சேலையைப் பிடித்து இருக்கச் சொன்னார்கள். அப்போதுதான் உன் கணவர், கடல் வந்ததிலிருந்து நாலு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசாத மனிதர், மூலையிலிருந்து சொன்னார்.

“டீச்சர் சொல்லுறதுதான் சரி. அவ கோவமாத்தான் போனவ. கேட்டது நியாயம். குடுக்கேல்ல. அதுதான் கோவம்.”

சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குச் சோறு போட எழும்பிப் போனார். அதிபர் சாப்பிடாமல் புறப்பட்டார். ஒருவரும் மறிக்கவில்லை.

இதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும் என்று இவ்வளவு நாளும் வைத்திருந்தேன். உன்னைப் பொறுமைசாலியாக்கிப் புதைக்கப் பார்த்தார்கள், நாங்கள் விடவில்லை. நீ விட்டுப்போன கோபத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன். வகுப்பில் ‘எனது கிராமம்’ வரும்போது அதோடுதான் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறேன், உன் ஒழுங்கையை வீடு வீடாகச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னையும் எங்காவது மாற்றுவார்கள். மாற்றட்டும். அங்கேயும் ஐந்தாம் வகுப்பு இருக்கும்.